எமகண்டத்துக்கு இருபது நிமிஷம்

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துவிட்டது. மாப்பிள்ளை கையை நீட்டும் நேரத்தில் அவன் தாய்மாமன் வீராசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

“நிறுத்துங்க. பன்னெண்டு தாண்டிருச்சு. எமகண்டம்.”

ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மேளம் பாதியில் நின்றது.

பெண்ணின் அப்பா தம்புசாமி, கூலி வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு ஓடி, வீட்டு டைம்பீஸைத் தூக்கி வந்தார். அதில் பன்னிரண்டாக இன்னும் நேரம் இருந்தது.

இரண்டுமே நல்ல கடிகாரங்கள்தான். ஆங்கில வருடம் பிறந்த அன்று, மலாயா முழுவதும் கடிகாரங்களை இருபது நிமிஷம் முன்னால் தள்ளச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. வீராசாமி ஜாசின் கடைத்தெருவில் நின்றபடியே தள்ளிவிட்டார். தம்புசாமி தள்ளவில்லை. முகூர்த்தம் போன கார்த்திகையிலேயே, பழைய மணிக்குக் குறித்து வைத்தது.

“சர்க்கார் சொன்னா நாம நகருவோம். எமன் நகருவானா சம்பந்தி?” என்றார் தம்புசாமி.

“அவனும் இந்த ஊர்லதானே இருக்கான்? கேட்டுத்தான் ஆகணும்.”

சபை எழுந்து கடிகாரங்களைச் சூழ்ந்துகொண்டது. பூசாரியும் போனார். மணவறையில் தாலித் தட்டோடு இருவர் மட்டும் மிச்சம்.

கமலவேணி தலை நிமிரவில்லை. மணப்பெண் நிமிரக்கூடாது.

இன்று விட்டால் அடுத்த முகூர்த்தம் வைகாசியில். ரப்பர் விலை விழுந்து கிடந்தது. வைகாசிக்குள் எந்தத் தோட்டம் யாரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பும் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை காத்தமுத்துவின் தோட்டத்தில் போன மாதமே பாதி லயம் காலி.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். பத்திரிகை படிக்கிறவர்.

“பொறுங்கோ. எல்லாருக்கும் பொதுவா ஒரே நேரம் எண்டு உலகத்தில இல்லையாம். வேகமாப் போறவனுக்கு நேரம் மெதுவாத்தான் போகுமாம். சீமையில கணக்குப் போட்டுக் காட்டியிருக்கினம்.”

“அப்ப மாப்பிள்ளைய எந்திரிச்சு ஓடச் சொல்லுங்க ஐயா,” என்றார் வீராசாமி.

எல்லோரும் சிரித்தார்கள். காத்தமுத்து நிஜமாகவே எழப் பார்த்தான். கமலவேணி அவன் வேட்டி நுனியை முட்டியால் அழுத்திக்கொண்டாள்.

தம்புசாமி விடவில்லை. தள்ளின இருபது நிமிஷம் எங்கே போயிற்று என்று கேட்டார். உலகத்தில் எதுவும் காணாமல் போகாது, உருமாறும், அவ்வளவுதான் என்றார் கிராணி. அப்படியானால் அது இங்கேதான் எங்கோ கிடக்கிறது, அதற்குள் தாலியைக் கட்டிவிடலாம் என்றார் தம்புசாமி.

அந்த இருபது நிமிஷம் பெண் வீட்டுக்குச் சேருமா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சேருமா என்று மறுபடி ஆரம்பமாயிற்று.

“கட்டுங்க,” என்றாள் கமலவேணி, தரையைப் பார்த்தபடி.

“எந்த மணிக்கு?” என்றான் காத்தமுத்து.

“கட்டுங்க.”

டைம்பீஸும் பன்னிரண்டைத் தாண்டிய பிறகுதான் சபை திரும்பிப் பார்த்தது. தாலி கழுத்தில் இருந்தது.

எப்போது கட்டினான் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி குனிந்து முடிச்சை எண்ணினார். மூன்றும் சரியாக இருந்தன. நல்ல நேரத்தில்தான் நடந்திருக்கிறது என்றார். பெண் வீட்டார் பழைய மணியை நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். வீராசாமி எதையோ நினைத்துக்கொண்டு தலையாட்டினார். மேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது.

மூன்றில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் நாத்தனாருடையவை. நாத்தனார் அன்னம்மா இன்னும் டைம்பீஸுக்குப் பக்கத்தில் நின்று, நேரம் போகிறதே என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

கமலவேணி தாலிக்கயிற்றின் மஞ்சள் ஒட்டிய விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.