கொண்டை கிள்ளுதல்

பூ விடும் முன் புகையிலையின் உச்சிக் கொழுந்தான கொண்டையைக் கிள்ளிவிட வேண்டும். "வளரவும் காய்க்கவும் போற சத்தெல்லாம் அப்பத்தான் நஞ்சாத் திரும்பி இலையில ஏறும். புழு வாய் வைக்காது," என்பார் மேஸ்திரி.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லாத ராசாமணி இந்த வருடம்தான் புகையிலைக் காட்டு வேலைக்கு வந்தாள். பனி சொட்டும் இலைகளுக்குள் இடுப்பு நனைய நின்று கிள்ளியவள், வரப்பில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

"மசக்கைக்காரிக்கு மாங்கா கொண்டாங்கடி," என்று பெண்கள் சிரித்தார்கள். ராசாமணியும் வெட்கத்தோடு சிரித்தாள். மனதுக்குள் குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டாள்.

பக்கத்துச் செடிச் சாலில் யாரோ ஓங்கரித்தார்கள். எட்டிப் பார்த்தால், தாலியறுத்துத் தலையும் நரைத்த காளியாத்தா பித்தநீரைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன ஆத்தா?"

"ஈர இலை நஞ்சு புள்ள. தோல் வழியா இறங்கிரும். இங்க எல்லாருக்கும் வர்றதுதான். புதுசா வர்றவளை மசக்கைன்னு கேலி பண்ணுவாளுக."

ராசாமணி அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு நாளும் தள்ளிப்போயிருக்கே ஆத்தா."

காளியாத்தா வாயைத் துடைப்பதை நிறுத்தினாள். இலைச்சாறு ஊறி வயிற்றோடு ஒட்டியிருந்த ராசாமணியின் சேலையைப் பார்த்தாள்.

"நெசமாவா? அப்ப இந்தக் காட்டுக்குள்ள ஏம்புள்ள வந்தே?"