தாழிக்குள் மாப்பிள்ளை

மாப்பிள்ளையைக் குழிக்குள் இறக்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

பேச்சு நிற்கக் கூடாது. மண்ணில் புதைத்த ஒயின் தாழிக்குள் மூச்சு முட்டினால் முதலில் குரல்தான் போகும். அதனால் கழுவ இறங்குகிறவன் ஓயாமல் பேச வேண்டும். மேலே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்தபடி கேட்க வேண்டும்.

மேலே ஜும்பரும் அவர் மனைவி சியாலாவும் இருந்தார்கள். விடிந்தால் அறுவடை. தாழி சுத்தமாகாவிட்டால் அந்த வருடத்துச் சிவப்பு ஒயின் போச்சு. ஜும்பரின் தொப்பை தாழி வாய்க்குள் நுழையாமல் போய் மூன்று வருடம். கக்கேத்தி வட்டாரம் முழுக்க இந்த வாரம் கூலிக்கு ஆள் கிடைக்காது. அவரவருக்கு அவரவர் தாழி.

"மாமா! இங்க பன்னெண்டு வருஷத்து ஒயின் இருக்காமே, நெசமா?" உள்ளிருந்து மல்ஹாஸ் கத்தினான்.

"இருக்கு. மாப்பிள்ளைக்கு மட்டும்தான் திறப்போம். நீ தேய்!"

"எவ்வளவு இருக்கும்? ஒரு ஜாடியா, ரெண்டா?"

"அடிப்பக்கம் நல்லாத் தேய் மாப்பிள்ளை!"

சியாலா கணவரின் காதருகே குனிந்தாள். "பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே. வெக்கம் போல, பாவம். நமக்குப் பொண்ணே இல்லன்னு எப்பதான் சொல்லப் போறீங்க?"

"மூணு தாழியும் முடியட்டும்."

"சந்தையில பொய்யைச் சொல்லி, ரெண்டு மலை தாண்டி ஒருத்தனை வரவழைச்சிருக்கீங்க. நாம உருப்படுவோமா?"

"பேசாதே. அவன் பேசறது கேக்கல."

மாலைக்குள் மூன்று தாழிகளும் முடிந்தன. சுட்ட ஆட்டிறைச்சியும் சூடான ரொட்டியும் மேசைக்கு வந்தன. வேறு வழியில்லாமல் பன்னிரண்டு வருட ஒயினும் வந்தது.

ஒயினை மாட்டுக் கொம்பில் ஊற்றித்தான் குடிப்பார்கள். முதல் கொம்பு கடவுளுக்கு. இரண்டாவது இறந்தவர்களுக்கு. மூன்றாவது வீட்டுப் பிள்ளைக்கு. பெயர் சொல்லித்தான் வாழ்த்த வேண்டும். அதை இருவரும் மறந்துபோயிருந்தார்கள்.

மல்ஹாஸ் காத்திருந்தான். ஜும்பர் மெல்ல எழுந்து கொம்பை உயர்த்தினார்.

"எங்க மக மானானாவுக்கு!"

"கேத்தேவானுக்கு!" என்றாள் சியாலா, அதே நொடியில்.

மல்ஹாஸ் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சியாலா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள்.

ஜும்பர் கொம்பை இறக்கினார். சந்தையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறார். கையில் கொம்போடு சொன்னது இதுதான் முதல் முறை.

"தம்பி, அடிக்கணும்னா என்னை அடி. அவளை விட்டுரு. எங்களுக்குப் பொண்ணே கிடையாது. தாழி கழுவ ஆளில்லாமதான்..."

மல்ஹாஸ் தன் கொம்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். ஜாடியை எட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது.

காலிக் கொம்பை நீட்டினான்.

"அழாதீங்க அத்தை. உங்களுக்கு இல்லாட்டி என்ன, எனக்கு வீட்ல பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணும் இருக்காங்க!"