கரண்டியார் வந்திருக்கிறார்

"ஏம்மா, அடுப்பை விட்டுட்டு இங்க வா. வந்திருக்கிறது யாருன்னு பாரு!"

சமையலறைத் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தபடி கிசுகிசுத்தார் கடைக்காரர். ஜன்னலோர மேஜையில் ஒரு கணவனும் மனைவியும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரோ சாப்பிட வந்திருக்காங்க. அதுக்கு எதுக்கு உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்றாள் அவர் மனைவி. அந்தக் கடையில் கல்லா அவருடையது, அடுப்பு அவளுடையது.

"கரண்டியார்! சாட்சாத் கரண்டியாரேதான்!"

அவள் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது.

கரண்டியார் என்பது புனைபெயர். சனி, ஞாயிறு வந்தால் மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். திங்கட்கிழமை பத்திரிகையில் எழுதுவார். நல்லதாக நாலு வரி எழுதினால் கடை வாசலில் வரிசை நிற்கும். 'பரவாயில்லை' என்று எழுதினால்கூட அப்புறம் அந்தப் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து போகிறவர்தான். ஆனாலும் கடைக்காரர்களின் கைபேசிகளில் அவர் படம் எப்படியோ சுற்றிக்கொண்டிருந்தது.

இவர்கள் கடை திறந்து நாலு மாதம் ஆகிறது. இந்த மாதமும் இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று நேற்றுத்தான் இருவரும் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு அவள் அழுதாள்.

"என்ன கேட்டாங்க?"

"ஆளுக்கு ஒரு சூப்பு, ஆளுக்கு ஒரு பொரிச்ச மீன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி."

அவள் முகம் சுருங்கியது. "இன்னிக்கு வந்ததுல ஒரு மீன்தாங்க மிச்சம். இன்னொண்ணு நேத்து ஐஸ்ல வச்சது. மீன் தீந்துடுச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா அதையே முதல் வரியா எழுதிடுவார். புதுசை அவர் தட்டுல போடு. பழசை அந்தம்மாவுக்கு வை."

"கெட்டுப்போகலதான். ஆனா ஒரு வாய் வச்சாலே வித்தியாசம் தெரியுமே. அந்தம்மாவும் மனுஷிதானே?"

"எழுதப்போறது யாரு? புருஷனா, பொண்டாட்டியா? நீ போடும்மா!"

அவள் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். சூப்பிலும் அதே கதைதான். அடியில் கிடந்த கறித்துண்டெல்லாம் கரண்டியார் கிண்ணத்துக்குப் போயிற்று. மேலாக நின்ற தண்ணீர் அந்தம்மா கிண்ணத்துக்கு.

கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து மேஜையை நாலு தடவை துடைத்தார். கரண்டியாரின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். ஊஹூம். மனிதர் நிதானமாக முள்ளை எடுத்து வைத்துவிட்டு மீனைத் தின்றார். தண்ணீர் குடித்தபோது முகம் எப்படி இருந்ததோ, மீனைத் தின்றபோதும் அப்படியேதான் இருந்தது. மேஜைமேல் கிடந்த குறிப்பு நோட்டைத் திறக்கக்கூட இல்லை. பெரிய ஆள், லேசில் காட்டிக்கொள்வாரா என்று தன்னையே தேற்றிக்கொண்டார் கடைக்காரர். அந்தம்மா பாதி மீனை ஒதுக்கிவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து கிளம்பியபோது, பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "எப்படி சார் இருந்துச்சு?"

"சூடு சரியா இருந்துச்சு. மீனு நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு" என்று புன்னகைத்தார் கரண்டியார்.

கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ஓடினார். "பிழைச்சோம்மா! மொறுமொறுன்னு இருந்துச்சாம்!"

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்களை யாரு கேட்டா?"

அதற்குள் பின்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது. நிழலில் போட்டிருந்த பெஞ்சில் அந்தத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நோட்டுப் புத்தகம் புரளும் சத்தமும் கேட்டது. கடைக்காரரும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் ஒட்டி நின்றார்கள்.

"இந்தக் கடையைப் பத்தி மட்டும் நீங்களே எழுதிடுங்களேன்" என்றாள் அந்தம்மா. "பாவம், அவ்வளவு பணிவா கவனிச்சாங்க. சொல்ல மனசு வரல."

கடைக்காரர் மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நான் என்னத்தை எழுத?" என்று சிரித்தார் கரண்டியார். "அந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேருந்து, இந்த மூணு வருஷமா எனக்கு உப்பும் ஒண்ணுதான், சர்க்கரையும் ஒண்ணுதான். எப்பவும்போல நீ சொல்லு, நான் எழுதறேன். உன் தட்டுல இருந்த மீன் எப்படி இருந்துச்சு?"