செல்லாத கையெழுத்து

"கடையை ஜப்தி பண்ணிடுவாங்களா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

பெயிண்ட் கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். நகக்கண்களில் நீலச் சாயம். பக்கத்தில் தலை குனிந்திருந்த பெண்ணின் மணிக்கட்டை, விட்டால் ஓடிவிடுவாள் என்பது போலப் பிடித்திருந்தார்.

"முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா.

"எனக்குத் தெரியாம இவ ஒரு அழகுக்கலைப் பயிற்சி நிலையத்துல சேர்ந்திருக்கா. ஃபீஸைத் தவணையில கட்டுறேன்னு ஒப்பந்தம் வேற. முகவரிக்கு என் கடையைக் கொடுத்திருக்கா. இப்ப தவணை வரலைன்னு தடிமாடு மாதிரி ரெண்டு பேர் தினம் வந்து வாசல்ல நிக்கிறாங்க. கடைக்குள்ள எவனும் வர மாட்டேங்கிறான். நேத்து ஒருத்தன் கல்லாப்பெட்டி மேலயே ஏறி உட்கார்ந்துட்டான் மேடம்."

அந்தக் கோபத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி செஞ்சேன்னு கேட்டா, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருக்கா."

அவளுடைய தோள்கள் தானாக ஒடுங்கின. அறை விழும் என்று எதிர்பார்த்துப் பழகிய உடம்பு. வக்கீலம்மாவின் கண் அதில் ஒரு கணம் நின்றது.

"மிரட்டாதீங்க. பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினாறு. அங்க பத்தொன்பதுன்னு பொய் சொல்லியிருக்கா."

"பதினாறுதான்னு நிரூபிக்க ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் அவசரமாகப் பையைத் துழாவிப் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். "பீரோவுல பூட்டியே வச்சிருந்தேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்காது."

வக்கீலம்மா தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ பயப்படாதீங்க. பதினெட்டு முடியாத பிள்ளை போட்ட கையெழுத்து செல்லாது. வயசைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் செல்லாது. பெத்தவங்களும் கட்ட வேண்டியதில்ல. நீங்க சொல்லி, உங்களுக்காகப் போட்டிருந்தாதான் உங்க தலையில விழும்."

"நான் எதுக்கு மேடம் சொல்லப் போறேன்? படிப்பே வேணாம்னு நிறுத்தினவன் நான்."

அவர் பெருமூச்சோடு நாற்காலியில் சாய்ந்தார். பிடி தளர்ந்தது. அவள் மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதை அவள் தடவிக்கூடக் கொடுக்கவில்லை.

"வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

அவள் பார்வை கதவுக்குப் போய்த் திரும்பியது.

"பயிற்சி நிலையத்துக்கு நோட்டீஸ் அனுப்பிடலாம். இனி கடைப் பக்கம் ஆள் வந்தா போலீஸுக்குப் போவோம்" என்ற வக்கீலம்மா, ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். "அப்பாங்கிற முறையில இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

எடுத்த பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அது வந்து... இவளே போட்டா ஆகாதா மேடம்?"

"அவ போட்டாதான் செல்லாதே. ஏன் தயங்குறீங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மெல்ல மேசையில் இருந்த சான்றிதழை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் அவள் எட்டி அதை எடுத்து, வக்கீலம்மாவின் கையிலேயே திணித்தாள்.

"கொடுத்துடாதீங்க மேடம்" என்றாள் நடுங்கும் குரலில். "இவர் எங்கப்பா இல்ல, என்னைக் கட்டிக்கிட்டவர். இதை இவரே பூட்டைத் திறந்து ஒரு வக்கீல்கிட்ட கொண்டு வரணும்னுதான் அந்தக் கையெழுத்தைப் போட்டேன்."