எட்டாத கேபிள்

"யோவ், இந்த ஹேண்டில்பாரை மாட்டினது நீதானே?"

பைக்கின் இன்ஜினைக்கூட அணைக்காமல் மெக்கானிக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கத்தினார் வந்தவர். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"என்ன ஆச்சா? தெரு முனையில திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கவே இல்ல, வண்டி தானா பாயுது! பின்னாடி இருந்த என் பொண்டாட்டி விழுந்து கையில ஆறு தையல். என் தம்பி ஆசைப்பட்டு இங்க கொண்டாந்து உயரமான ஹேண்டில் போடச் சொன்னா, நீ ஆளையே கொல்லப் பார்த்தியா?"

காத்திருந்த நாலு பேரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மெக்கானிக் ஹேண்டிலைப் பிடித்து ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பி ஒடித்தார். இன்ஜின் தானாக உறுமியது. சட்டென்று அணைத்து, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவியை எதுக்குய்யா எடுக்கற? தப்பையும் பண்ணிட்டு அதிகாரம் வேறயா?"

"ஹேண்டிலை நேரா வெச்சு ஆக்ஸிலேட்டர் கேபிளை அளந்திருக்காங்க சார். ஒடிச்சு வெச்சுல்ல அளக்கணும்? திருப்பினா எட்டாம இழுக்குது. அரை மணி நேரம் உட்காருங்க."

"அளந்திருக்காங்களாம்! எவனோ பண்ணின மாதிரி பேசறதைப் பாரு!"

மெக்கானிக் ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைசி வரை ஒடித்து, ஒரு ஒயரை வைத்து அளந்தார். முதலில் மாட்டிப் பார்த்த புதுக் கேபிள் நீளம் அதிகம், மடங்கி நின்றது. கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார். அந்த அரை மணி நேரமும் வந்தவர் திட்டிய திட்டில், சுற்றி நின்றவர்களுக்கே காது கூசியது. இத்தனையும் கேட்டுக்கொண்டு ஒருவன் சும்மா இருக்கிறான் என்றால், தப்பு அவன் பேரில்தானே?

கடைசியில் இன்ஜினைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டினார் மெக்கானிக். சத்தம் ஏறவில்லை. சாவியை நீட்டினார்.

சாவியைப் பிடுங்கிக்கொண்ட வந்தவர், அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டார்.

"உன் மெக்கானிக்கை உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன்டா! நாலு பேர் முன்னாடி... என்னது? இந்தக் கடை இல்லையா? எதிர்ப்பக்கமா?"

லாரிகள் விரையும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேயும் ஒரு மெக்கானிக் கடை. வாசலில் உயரம் உயரமாக ஹேண்டில்பார்கள் தொங்கின.

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"நான் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சொல்லியிருந்தா, இருந்த கோபத்துல அப்படியே வண்டியை எடுத்துக்கிட்டு அங்க பறந்திருப்பீங்க. அந்தக் கடைக்குப் போகணும்னா, இவ்வளவு லாரிக்கு நடுவுல ஹேண்டிலை முழுசா ஒடிச்சு யூ-டர்ன் அடிக்கணும் சார்."