ஐந்தாம் கேள்வி

“யாரைக் கேட்டு என் மேஜையிலேர்ந்து இதை எடுத்தீங்க?”

மேலாளர் போட்ட சத்தத்தில் அச்சகமே திரும்பிப் பார்த்தது.

பிழை திருத்தும் புரூஃப் அக்கா நிமிரவில்லை. முன்னால் இருபத்துமூன்று படிவங்கள். கையில் சிவப்புப் பேனா.

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் அவரவருக்கு எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, பேர் எழுதாமல் எல்லாரும் கொடுத்த படிவங்கள் அவை. நாலு மணிக்கு முதலாளியிடம் போகவேண்டும். ஆறு மாதமாகத் தற்காலிக மேலாளராக ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய நாற்காலி நிலைக்குமா, போகுமா என்பது அந்தக் காகிதங்களைப் பொறுத்தது.

அதிலும் ஐந்தாம் கேள்வி அவரைப் பற்றியது. சாப்பிடப் போகுமுன் ஒரு புரட்டு புரட்டியிருந்தார். பத்து, பத்து, ஒன்பது, மறுபடி பத்து. உச்சி குளிர்ந்துவிட்டது.

தன் சொந்தப் படிவத்தை மட்டும் இன்னும் முடிக்கவில்லை. ‘உங்கள் வேலையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி?’ முதல் கேள்விக்கே என்ன போடுவதென்று தெரியாமல் காலியாக விட்டிருந்தார்.

இந்த அக்காவுக்கு என்ன கடுப்பு? காலையில் படிவம் கொடுக்கும்போது நடந்தது ஞாபகம் வந்தது.

“குடுங்க சார், ஒரு தடவை பார்த்துத் தர்றேன்.”

“நானே டைப் பண்ணது அக்கா. ஒரு பக்கத்துக்கு எதுக்கு புரூஃப்?”

ஓஹோ, அந்தக் கோபத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறாரா?

ஒரு படிவத்தைப் பிடுங்கினார். ஐந்தாம் கேள்வியில் சிவப்புக் கீறல். அடுத்ததைப் பார்த்தார். அதிலும் அதே இடம்.

“எனக்கு வந்த மார்க்குல கை வைக்கிறீங்களா?”

“மார்க்கைத் தொடலை சார்.” அக்கா இன்னும் கீறாத கடைசிப் படிவத்தை நீட்டினார். “அஞ்சாவது கேள்வியை எழுத்து எழுத்தாப் படிங்க. மெதுவாவே படிங்க.”

“உங்கள் மேலாளர் உங்களை எந்த அளவுக்கு மி...”

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

மிதிக்கிறார்!

‘மதிக்கிறார்’ என்று அடித்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். ‘ம’வின் தலையில் ஒரு சுழி ஏறி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அக்கா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

“முதலாளி பார்த்திருந்தா மானம் போயிருக்கும்.” மேலாளரின் குரல் இறங்கிவிட்டது. கூடவே முகமும் தொங்கிவிட்டது. “அப்போ... நான் மிதிக்கிறேன்னுதானே அக்கா எல்லாரும் பத்து போட்டிருக்காங்க?”

அக்கா சிரித்துவிட்டார்.

“யார் கண்ணுலயாவது அது பட்டிருந்தா, காலையிலேர்ந்து இந்த இடமே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும் சார். எல்லாரும் மதிக்கிறார்னுதான் படிச்சிருக்காங்க. நீங்க மிதிக்கிறவரா இருந்தா, முதல் ஆளே சரியாப் படிச்சிருப்பாரு.”

மேலாளர் தன் படிவத்தை எடுத்தார். முதல் கேள்விக்கு ‘ஒன்பது’ என்று எழுதினார். எழுதியதை அக்காவிடமே நீட்டினார், சரிபார்க்க.

“எழுத்துப்பிழை இல்ல சார். ஆனா ஒண்ணு ஏன் குறையுது?”

சற்றுமுன் கத்திய அதே சத்தத்தில், அச்சகம் முழுக்கக் கேட்கும்படி மேலாளர் சொன்னார்:

“உங்க மேல கத்தினேனே அக்கா, அதுக்கு!”