கையக் கட்டியாச்சா?

இரண்டு சிலிக்கன் அணுக்களை இரட்டைப் பிணைப்பில் சேர்த்து ஆய்வு மாணவி செவ்வந்தி செய்த ஆரஞ்சுப் பொடி, காற்றுப் பட்டால் வெளுத்துவிடும். அதனால் அது ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் பொருத்திய இரண்டு ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் அதைத் தொட முடியும். வேலை முடிந்ததும் வாயுவின் அழுத்தத்தில் கையுறைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைச் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டுப் போவது தஞ்சாவூரில் அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம்.

“கையக் கட்டியாச்சாம்மா?” என்று தினமும் மாலை பேராசிரியர் நாகேஸ்வரன் கேட்பார்.

“ஆச்சு சார்.”

கூலிப் போராட்டத்தில் கொடி பிடிக்கும்வரை, அவருடைய பண்ணையார் குடும்பத்து வாசலில் செவ்வந்தியின் அப்பா கை கட்டி, “ஆண்டே” என்று நின்றவர்.

வெள்ளிக்கிழமை காலை கையுறைகள் அவிழ்ந்திருந்தன. வெளியே கட்டிய கயிறு முடிச்சோடு பெட்டிக்குள் கிடந்தது. ஆக்சிஜன் மீட்டர் பூஜ்யம் காட்டியது. பொடி வெளுக்கவில்லை; பெட்டியை யாரும் திறந்திருக்கவில்லை.

மாலையில் அந்தக் கயிற்றை எடுக்க இரு கைகளையும் உள்ளே விட்டாள். கயிறு கிடந்த இடத்தில் இல்லை. அவள் மணிக்கட்டுகளைச் சேர்த்து இறுக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தாள், கை வரவில்லை.

நாகேஸ்வரன் சாவியோடு வாசலில் வந்து நின்றார்.

“கையக் கட்டியாச்சாம்மா?”

அவள் வாய் தானாகத் திறந்தது.

“கட்டியாச்சுங்க ஆண்டே.”